இடது பக்கம்தான் சார்

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது இருக்கட்டும், டாக்சியில் ஏறினால் இறங்கும்போது கதவின் பிடி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தடவித் தேடுவாள். ஆனால் நாற்பத்தேழு வகை வண்டிகளில் ஸ்டெப்னி எங்கே இருக்கும், ஜாக்கை எந்த மூலையில் கொடுக்க வேண்டும், எந்த வண்டிக்கு பானெட் திறக்கும் பிடி எந்தச் சந்தில் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. நடுவழியில் வண்டி நின்றுபோனவர்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்வார்கள். இரண்டாம் மாடியில் நீளமான ஓர் அறையில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு பேரில் ஒருவர் எடுப்பார். மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட தாள்கள் இருக்கும். எந்த வண்டி, என்ன கோளாறு என்று கேட்டு, அதற்கான தாளை எடுத்து வரிசையாகப் படித்துச் சொல்ல வேண்டும். அதில் சரியானால் சரி. இல்லையென்றால் மீட்பு வண்டி அனுப்ப வேண்டும்.

வீட்டில் அவளுக்குப் பெயர் மெக்கானிக். மகள் வைத்தது. மிக்சி ஓடவில்லையென்றால், "மெக்கானிக்கைக் கூப்பிடு, போன்லயே ரிப்பேர் பண்ணிடுவாங்க" என்பாள். கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். அவர் சும்மா இருப்பாரா? "நான் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ஏறி இறங்கறேன், எங்கயும் போய்ச் சேரல. இவ உக்காந்த இடத்துலேருந்தே ஊர் வண்டியெல்லாம் ஓட்டறா" என்று அவர் பங்குக்கு ஒன்று போடுவார்.

ஆபீசில் வேறு பெயர். அங்கே அவள் 'மன்னிப்பு அக்கா'. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சொல்ல வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அதை ரயில் போகிற வேகத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இவள் மட்டும் நிறுத்தி, நிதானமாக, உண்மையிலேயே தன்னால்தான் அந்த டயர் வெடித்தது போலச் சொல்வாள். ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாது. பேட்டரி இறங்கியதற்கு, சாவியை உள்ளே வைத்துப் பூட்டியதற்கு, டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றியதற்கு, எல்லாவற்றுக்கும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்கிறவர்கள் இரண்டு வகை. கண்டபடி திட்டுகிறவர்கள் ஒரு வகை. அது அவளுக்குப் பழகிவிட்டது. "பரவால்ல மேடம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்களைத்தான் அவளால் தாங்க முடியாது. 'உன்னால் ஒன்றும் ஆகாது' என்று மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு வந்த குரல் திட்டவில்லை. மூச்சு வாங்கியது.

"மேடம், டயர் வெடிச்சிருச்சு. வெடிச்சதோட நிக்காம ஒரு மூணு கிலோமீட்டர் ஓட்டிட்டேன். இப்ப ரிம்மே வளைஞ்சு நிக்குது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில இருக்கு. இறங்க மாட்டேங்குது."

பழைய டெலிவரி வேன். ஓட்டி வந்தவர் பிளம்பர். இடம் கேட்டாள், சொன்னார். திரையில் பார்த்தாள். பக்கத்தில் வீடு வாசல் எதுவும் இல்லாத நீளமான சாலை. மீட்பு வண்டி அங்கே போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம் காட்டியது.

"சிரமத்துக்கு மன்னிக்கவும் சார். மீட்பு வண்டி நாலு மணிக்கு வந்துரும்."

"நாலு மணிக்கு வந்து என்ன பிரயோஜனம்? மூணரைக்குள்ள நான் அங்க இருக்கணும் மேடம்."

அங்கே என்றால் எங்கே என்று கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. தாளில் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் அவரே சொன்னார். அவருக்கும் மனைவிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது. மாதத்தில் முதல் சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை, கோர்ட்டு குறித்துக் கொடுத்த ஒரு கூடத்தில் மகளைப் பார்க்கலாம். மூன்றரைக்குள் அப்பா வரவில்லையென்றால் அம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். போன மாதம் அவர் போகவில்லை. தொடர்ந்து இரண்டு தடவை வரவில்லை என்று பதிவானால் பார்க்கும் உரிமை நிறுத்தி வைக்கப்படும். மறுபடி கோர்ட்டு படியேற வேண்டும். அது முடிய எத்தனை மாதமாகும் என்று அந்தப் படிக்கே தெரியாது.

"இங்கேருந்து ஒரு மணி நேரம் மேடம். ரெண்டரைக்குக் கிளம்பினா போதும். ஸ்டெப்னி மட்டும் இறங்கினா கால் மணி நேரத்துல மாட்டிருவேன்."

"வேற வண்டி ஏதாவது…"

"டாக்சி கேட்டுப் பார்த்தேன், இங்க வராதாம். பஸ் இனிமே சாயங்காலம்தான். கை காட்டினா ஒருத்தரும் நிறுத்தல. நான் இருக்கற கோலத்துக்கு நானே நிறுத்த மாட்டேன்."

அவள் தாளை எடுத்தாள். அந்த வேனில் ஸ்டெப்னி, பின்பக்கம் வண்டியின் வயிற்றுக்கு அடியில், ஓர் இரும்புக் கயிற்றில் தொங்கும். கயிறு ஒரு சின்ன வின்ச்சில் சுற்றியிருக்கும். கிணற்று ராட்டினம் போலத்தான். ஒரு பக்கம் சுற்றினால் சக்கரம் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். சுற்றுவதற்கான போல்ட், பின்கதவைத் திறந்தால் வண்டியின் தளத்தில் ஒரு சின்ன ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும்.

"மூடியை எடுத்தீங்களா சார்? போல்ட் தெரியுதா? வீல் ஸ்பேனரை வச்சு இடது பக்கமாத் திருப்புங்க."

ஸ்பேனர் இரும்பில் வழுக்கும் சத்தம் காதில் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. போல்ட்டின் முனை துருப்பிடித்து மழுங்கியிருந்தது. ஸ்பேனர் பிடிக்கவே இல்லை.

"இருங்க, அடியில போய்ப் பார்க்கறேன்" என்றார்.

"ஜாக் போட்டிருந்தா அடியில போகக் கூடாது சார்."

"ஜாக் இன்னும் போடல. வேன் உயரம்தான், தாராளமாப் படுக்கலாம். நமக்கு வேலையே சிங்குக்கு அடியில படுக்கறதுதானே."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தது கேட்டது. முனகிக்கொண்டே உள்ளே நகர்ந்தார். பிறகு சட்டென்று குரலில் ஒரு தெம்பு.

"மேடம், இந்த வின்ச்சோட தண்டு கீழ வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கு. பைப் ரெஞ்ச் வச்சா கப்புனு பிடிக்கும். பிடிச்சும் பார்த்துட்டேன். எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது பக்கம் சார். கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம்."

ரெஞ்ச் தண்டில் உரசும் சத்தம் கேட்டது.

"இங்கேருந்து பார்த்தா வலது பக்கம்னுல்ல தோணுது?"

அவள் தாளைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு, இடது என்று இருந்தது. பதினோரு வருடத்தில் அந்தத் தாள் பொய் சொன்னதில்லை.

"இல்ல சார். இடது பக்கம்தான் சார்."

"சரி. நீங்க சொன்னா சரிதான்."

பைப் ரெஞ்சைப் பிடித்துப் பழகிய கை அது. பலம் முழுவதையும் போட்டுத் திருப்பியிருப்பார். இரும்பு முனகியது. 'நகருது மேடம், நகருது' என்று சின்னப் பையனைப் போலக் கத்தினார். இன்னும் ஒரு சுற்று. பிறகு படாரென்று ஒரு சத்தம்.

"என்ன சார் ஆச்சு?"

"சக்கரம் மேலேறி நல்லா அப்பிக்கிச்சு மேடம். விரல் நுழைய இடமில்ல. கயிறு எங்கயோ போய்ச் சிக்கிருச்சு."

மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்க எந்தப் பக்கம் திருப்புவோம்? இடது பக்கம். பாட்டிலைச் சாய்க்காமல் அப்படியே தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி மூடியைத் திறந்தாள். கை வலது பக்கம் போனது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள். வலது பக்கம்தான். தாளை எழுதினவன் வண்டிக்குள் நின்று மேலேயிருந்து பார்த்து எழுதியிருக்கிறான். பிளம்பர் கீழேயிருந்து பார்க்கிறார். அவர் கேட்டதுதான் சரி. பக்கத்து சீட்காரி, அக்காவுக்குக் கழுத்து வலி போல என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

இதை அப்போதே அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அழைப்பு பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எப்போதும் எரியும். பதினோரு வருடமாக அவள் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"சார்… வலது பக்கம் திருப்பிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"நான்தான் மாத்தித் திருப்பிட்டேனா?"

தன் தப்பே இல்லாத எல்லாவற்றுக்கும் நூறு தடவை மன்னிப்புக் கேட்கிறவளுக்கு, தன் தப்பு என்று ஒன்று வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். அதற்கு வேறு பூச்சு எதுவும் வேண்டாம்.

வலது பக்கம் திருப்பினார். அசையவில்லை. ரெஞ்சின் கைப்பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் சொருகி, கைப்பிடியை நீளமாக்கித் திருப்பினார். தண்டு முறுக்கிக்கொண்டதே தவிர வின்ச் அசையவில்லை. சக்கரத்தைக் காலால் உதைத்தார். சுத்தியலால் தட்டினார். எண்ணெய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தேங்காய் எண்ணெய் கூட இல்லை, குழாயில் சுற்றுகிற டேப்தான் இருக்கிறது என்றார். கயிற்றை அறுக்க ரம்பம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஆனால் சக்கரம் அப்பிக்கொண்டு நின்றதில் ரம்பம் நுழைய வழியில்லை. ஒவ்வொன்றாக அவள் கேட்டாள், ஒவ்வொன்றாக அவர் செய்தார். செய்யும்போதெல்லாம், "நம்ம கைராசி அப்படி மேடம், தொட்டது விளங்காது" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மணி இரண்டரை ஆனது. இரண்டே முக்கால் ஆனது. சூப்பர்வைசர் தம்பி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அவளை விடப் பத்து வயது சின்னவன்.

"அக்கா, ஒரு மணி நேரமாப் போகுது கால். வண்டி அனுப்பிட்டீங்கள்ல? முடிங்க."

அவள் கையால் சைகை காட்டினாள். அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போனான்.

மூன்று மணிக்குப் பிளம்பரே சொன்னார். "வைங்க மேடம். உங்களையும் பிடிச்சு வச்சிருக்கேன். இனிமே இறங்கினாலும் போய்ச் சேர முடியாது." குரலில் கோபம் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்தபடியேதான் சொன்னார் போலிருக்கிறது. வெளியே வருகிற சத்தமே கேட்கவில்லை.

அழைப்பை முடித்துவிட்டு அவள் கழிவறைக்குப் போனாள். வாடிக்கையாளர் சம்பந்தமாகச் சொந்தப் போனில் யாரிடமும் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. பேசினாள். கூடத்தின் நம்பரை அவர் சொன்ன விவரத்தை வைத்துத் தேடி எடுத்தாள். நான்காவது தடவை ஓர் அம்மாள் எடுத்தார். கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்.

"மூணரைக்கு மேல நிறுத்தி வைக்க முடியாதும்மா. ரூல்."

"அவர் வண்டி நடு ரோட்டுல நிக்குது. டயர் வெடிச்சிருச்சு. நான் அந்தக் கம்பெனியிலேருந்துதான் பேசறேன். புகார் நம்பர் கூடத் தர்றேன், எழுதிக்கங்க."

அந்த அம்மாள் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அலுத்துப்போனவர்களின் சிரிப்பு.

"போன மாசமும் அவரு டயர் பஞ்சர்னுதான் சொன்னாரு. அன்னிக்கு யாரும் பேசல, இன்னிக்கு நீங்க பேசறீங்க. கம்பெனின்னு எனக்கு எப்படித் தெரியும்மா? நீங்க அவரு தங்கச்சியா இருக்கலாம்."

"குழந்தை வந்திருச்சா?"

"ரெண்டே முக்காலுக்கே வந்திருச்சு. ஜன்னலை ஒட்டி உக்காந்திருக்கு."

அவள் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவினாள். தண்ணீர் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது ஒரு கணம் அவளுக்கு மறந்துபோயிற்று.

நான்கு பத்துக்கு மீட்பு வண்டி போய்ச் சேர்ந்ததாகத் திரையில் தெரிந்தது. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். வேறு யாராவது செய்திருக்கலாம். அவள்தான் செய்தாள்.

"வந்துட்டாரு மேடம். வந்து நெம்புகோலை வச்சு விலக்கி, கயித்தை அறுத்து இறக்கிட்டாரு. ரெண்டே நிமிஷம். சக்கரம் மாட்டிட்டு இருக்காரு." பிறகு, "எவன்யா இதை இப்படி இறுக்கினதுன்னு கேட்டாரு. நான்தான்னு சொன்னேன்" என்றார்.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க இல்ல சார். நான்தான் தப்பாச் சொன்னேன். மேலேருந்து பார்த்தாத்தான் இடது. நீங்க வலதுன்னு கேட்டீங்க, அதுதான் சரி. எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு, சொல்லல. கம்பெனித் தாளைப் பார்த்துச் சொன்ன என் தப்பு சார். மன்னிச்சிருங்க."

பின்னால் யாரோ நட்டு முடுக்குகிற சத்தம்.

"எனக்கும் தோணுச்சு" என்றார் கடைசியில். "இருபது வருஷமாக் கீழே படுத்துத்தான் திருப்பறேன். கை வலது பக்கம்தான் போச்சு. ஆனா நீங்க கம்பெனி. தெரிஞ்சவங்க சொல்லும்போது நாம எதுக்கு நடுவுலன்னு விட்டுட்டேன்."

"சார்…"

"அது போகட்டும் மேடம். இன்னொண்ணு கேக்கறேன். போன மாசம் ஒரு அபார்ட்மென்ட்ல பைப் உடைஞ்சு மூணு மாடிக்கும் தண்ணி. விட்டுட்டு வர முடியல. அதைச் சொன்னா வேலைதான் பெருசான்னு கேப்பாங்கன்னு, டயர் பஞ்சர்னு சொல்லி வச்சேன். இப்ப நிஜமாவே பஞ்சர். எம் பொண்ணு எப்படி நம்புவா? நீங்க பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆகும்னு ஆரம்பத்துலயே ஒரு குரல் சொல்லுச்சே. அதை எனக்குத் தர முடியுமா? கோர்ட்டுல கொடுக்கறது அப்புறம். எம் பொண்ணு கேக்கட்டும். அவங்கப்பா வண்டிக்கு அடியில கெடந்து என்ன பாடுபட்டான்னு காதால கேக்கட்டும்."

"தர முடியும் சார்" என்றாள். விதி அப்படித்தான் சொன்னது. வாடிக்கையாளர் கேட்டால் விண்ணப்பம் எழுதி, மேலிடத்தின் அனுமதி வாங்கிக் கொடுக்கலாம். "நானே எழுதி அனுப்பறேன்."

அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. பாட்டிலை வாங்கித் தானும் அண்ணாந்து பார்த்துத் திருப்பிவிட்டு, "வேலை போயிருமா?" என்று மட்டும் கேட்டார். "போனா போகட்டும்" என்றாள். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒலிப்பதிவு அவர் கைக்குப் போனால் பாதிக் கடனாவது தீரும் என்று நம்பினாள்.

வேலை போகவில்லை. புதன்கிழமை சூப்பர்வைசர் தம்பி அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான். மேசையில் அவள் விண்ணப்பம் இருந்தது. குறுக்கே ஒரு கோடு போட்டு, 'மறுக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியிருந்தது.

"நான் முழுசும் கேட்டேன் அக்கா. சட்டப் பிரிவுலயும் கேட்டாங்க. கம்பெனி தப்புன்னு நம்ம வாயாலயே ஒத்துக்கிட்ட பதிவை வெளிய கொடுக்க மாட்டாங்களாம். நாளைக்கு அவரு அதையே வச்சு நம்ம மேல கேஸ் போட்டா?"

"அவர் கேஸ் போட மாட்டாரு. அவருக்குப் பொண்ணு கேக்கணும், அவ்வளவுதான். என் பேச்சை வெட்டிட்டுக் கொடுங்களேன்."

"ஒரு புகார் நம்பருக்கு எத்தனை தடவை பேசினாலும் ஒரே பதிவு. வெட்டிக் கொடுத்தா அதுவே குத்தம்." அவன் குரலைத் தாழ்த்தினான். அவனும் வருத்தப்பட்டுத்தான் சொன்னான். "கடைசியா அவருக்குப் போன் பண்ணப்ப நீங்க அதைச் சொல்லாம இருந்திருந்தா, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாங்க அக்கா."

அவள் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தத் தாளை எடுத்து, 'இடது' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'மேலிருந்து பார்த்தால்' என்று பேனாவால் எழுதப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைமேல் மை ஒட்டவில்லை. விரல் பட்டதும் அழிந்தது. பிறகு அவருக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். காத்திருந்திருக்கிறார்.

"கிடைச்சிருச்சா மேடம்?"

இல்லை என்றாள். ஏன் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் உண்மையைச் சொன்னதனால்தான் அவருடைய உண்மை பூட்டி வைக்கப்பட்டது என்பதை எந்த வார்த்தையில் சொல்வது? கடைசியில் அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரே வாக்கியம்தான்.

"சிரமத்துக்கு மன்னிக்கவும் சார்."

அவர் எங்கேயோ சிங்குக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். குரல் எதிரொலித்தது. ரெஞ்சைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"பரவால்ல மேடம்" என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க."